மறைக்குறி நிரலகத்தை நிறுவுதலும் நீக்குதலும்

சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு விடுத்த ஓலை, களிமண்ணால் இலச்சினையிடப் பெற்றுக் கௌசிகன் கையில் வழிநடந்து சென்றது. அவ்வோலையை விரித்துப் படிக்குமுன்னரே, இலச்சினையிற் படிந்திருந்த கூந்தல் நெய்யின் மணத்தால் அஃது அவளிடமிருந்தே வந்ததெனக் கோவலன் உணர்ந்தான். ஒரு சிறு மண்ணிலச்சினை இரண்டு தொண்டுகளை ஒருங்கே புரிந்தமை ஈண்டுக் கவனிக்கற்பாலது. வழியிற் செல்வோர் படித்துவிடாதவாறு எழுத்தைக் காத்தது ஒன்று. எழுதினவர் இன்னாரென உறுதி கூறியது மற்றொன்று. இவ்விரு தொண்டுகளையும் இக்காலத்துக் கணிப்பொறிகளிற் புரிவதே மறைக்குறி நிரலகம். அதனை லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் நிறுவுவது எங்ஙனம், நீக்குவது எங்ஙனம், இரண்டிலும் எவ்விடத்தில் விழிப்பு வேண்டும் என்பவற்றை மாணவ நண்பர்களுக்கு விளங்குமாறு இக்கட்டுரையிற் கூறப் புகுகின்றோம்.

முதற்கண் நிரலகம் என்பது யாது என நோக்குவோம். கணிப்பொறி செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு நிரல் உண்டு. கடிதம் அனுப்ப ஒரு நிரல், இணையப் பக்கங்களைக் காட்ட ஒரு நிரல், தூரத்திலுள்ள மற்றொரு பொறியை இயக்க ஒரு நிரல் என அவை பலவாம். அவை ஒவ்வொன்றும் மறைக்குறிக் கணக்கைத் தானே தனியாகப் போட வேண்டுமாயின், நூறு நிரல்களில் நூறு முறை ஒரே கணக்கை எழுத நேரிடும். எழுதுவோர் செய்யும் பிழைகளும் நூறாகப் பெருகும். ஆதலின் அக்கணக்குகளை வல்லார் சிலர் ஒருமுறை செவ்வனே எழுதி ஓரிடத்தில் வைக்க, ஏனைய நிரல்கள் வேண்டும்போது அவற்றைக் கேட்டு உபயோகித்துக் கொள்ளுகின்றன. இங்ஙனம் பொதுவில் வைக்கப்பட்ட தொகுதியையே கணிப்பொறியாளர் லைப்ரரி என்பர். நாம் நிரலகம் என்போம்.

மறைக்குறி நிரலகங்களுள் மிகப் பரவியது ஓப்பன்எஸ்எஸ்எல் என்பதாகும். எரிக் யங், டிம் ஹட்சன் என்னும் இருவர் இயற்றிய முந்தைய தொகுதி ஒன்றினின்று 1998ஆம் ஆண்டில் இது கிளைத்தெழுந்தது. இதன் உள்ளே இரு பெரும் பகுதிகள் உள. மறைத்தல், முத்திரையிடல் ஆகியவற்றுக்குரிய கணக்குகளைப் போடுவது லிப்கிரிப்டோ என்னும் பகுதி. இரு பொறிகள் ஒன்றையொன்று இன்னாரென அறிந்து இரகசியமாகப் பேசும் முறைமையை நடத்துவது லிப்எஸ்எஸ்எல் என்னும் பகுதி. இவையன்றி க்னூடிஎல்எஸ், லிப்ஜிகிரிப்ட், லிப்சோடியம் முதலிய நிரலகங்களும் வழக்கில் உள்ளன. பெயர்கள் வேறாயினும் நிறுவும் முறையும் நீக்கும் முறையும் பெரும்பாலும் ஒன்றே.

பொதுவில் வைத்தமையால் வரும் நன்மையையும் அதனோடு உடன்வரும் பொறுப்பையும் உணர்த்துதற்கு, கீழ்ப்பழனி மலையிலுள்ள பாச்சலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டமொன்றை எண்ணிப் பார்த்தல் போதும். அங்கே சில்வர் ஓக், முள்முருங்கை முதலிய மரங்கள் நிழலுக்காக நிற்கின்றன. அந்நிழலிற் காப்பிச் செடி தழைக்கின்றது. அம்மரத்தையே பற்றி மிளகுக் கொடி ஏறுகின்றது. தோட்டத்துக்குப் புதியவன் ஒருவன், காப்பியுந் தராத மிளகுந் தராத இம்மரம் எதற்கென்று வெட்டிச் சாய்ப்பானாயின், கொடி தரையில் வீழும்; செடி வெயிலிற் கருகும். மரத்தின் பயன் அதன் கிளையிற் காணப்படுவதன்று. அதனைப் பற்றி நிற்பனவற்றிலே காணப்படுவது. நிரலகமும் இத்தன்மையதே. தானாக அஃது எதனையும் திரையிற் காட்டாது. ஆயினும் பாச்சலூரில் ஓர் உழவர் கைப்பேசியில் வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், மாணவி ஒருத்தி கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்புவதும், இத்தகைய நிரலகம் ஒன்றைப் பற்றியே நிகழ்கின்றன.

இனி லினக்ஸைப் பற்றிச் சில சொற்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் 1991ஆம் ஆண்டில் தொடங்கிய இதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். பல்வேறு கூட்டத்தார் இதனோடு வேண்டிய நிரல்களைச் சேர்த்துத் தொகுதிகளாக வெளியிடுகின்றனர். அவற்றுள் டெபியன் என்பது பெரியதும் பழையதுமாகும். அதனை அடிப்படையாகக் கொண்டு, இந்திய அரசின் சீடாக் நிறுவனத்தார் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. தமிழக அரசு 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்க்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் இந்த பாஸ் லினக்ஸும் ஏற்றப்பட்டிருந்தது. ஆகவே தமிழ்நாட்டு மாணவர் பலர்க்கு லினக்ஸ் முற்றிலும் அயலானதன்று. கீழே கூறும் முறைகள் டெபியனுக்கும் அதனின்று கிளைத்த பாஸ், உபுண்டு முதலியவற்றுக்கும் பொருந்துவன.

நிறுவும் முறைக்கு வருவோம். டெபியன் வகைத் தொகுதிகளில் நிரல்கள் பொதிகளாகக் கட்டப்பட்டுக் களஞ்சியம் ஒன்றில் வைக்கப்பட்டுள்ளன. அக்களஞ்சியத்தினின்று பொதிகளைக் கொணர்ந்து பிரித்து வைக்கும் பணியாளே ஆப்ட் என்னும் நிரல். முனையம் என்னும் கட்டளைத் திரையைத் திறந்து, முதலில் ‘சுடோ ஆப்ட் அப்டேட்’ என்று கட்டளையிட வேண்டும். சுடோ என்பது பொறியின் தலைமை அதிகாரத்தை அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் இரவலாகப் பெறுவது. அப்டேட் என்பது களஞ்சியத்தின் புதிய பொருட்பட்டியலை வாங்கி வருவது. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு பொதியைக் கேட்பவர், குறை கண்டு விலக்கப்பட்ட பழைய பதிப்பையே பெறக்கூடும். ஆதலின் இப்படியைத் தாண்டலாகாது.

அடுத்து, வேண்டுவது எதுவென்று தெளிதல் வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் மூன்று வேறு பொதிகளாகக் கிடைக்கின்றது. ஏனைய நிரல்கள் பற்றி நிற்கும் நிரலகம் ஒன்று. இது பெரும்பாலும் பொறியில் முன்னமே இருக்கும். முனையத்திலிருந்து மனிதர் நேரே கட்டளையிடுதற்குரிய கருவி மற்றொன்று. புதிய நிரல் எழுதுவோர்க்கு வேண்டிய தலைப்புக் கோப்புகளைக் கொண்ட லிப்எஸ்எஸ்எல்-டெவ் என்பது மூன்றாவது. மாணவர் பலர் தேடுவது இம்மூன்றாவதே. ‘சுடோ ஆப்ட் இன்ஸ்டால் லிப்எஸ்எஸ்எல்-டெவ்’ எனக் கட்டளையிட்டால், ஆப்ட் அதனோடு சேர்ந்து வரவேண்டிய பிறவற்றையும் கணக்கிட்டு, இன்னின்ன பொதிகள் புதியனவாக வரும், இவ்வளவு இடம் பிடிக்கும் எனக் கூறி நம் ஒப்புதலைக் கேட்கும். அவ்வறிக்கையைப் படியாமலே ஒப்புதல் தருவது, பத்திரத்தைப் படியாமற் கையொப்பமிடுவதற்கு நிகராகும்.

இவ்விடத்தில் ஆப்ட் நாமறியாமற் செய்யும் அரிய செயலொன்றை எடுத்துரைத்தல் தகும். களஞ்சியத்தின் தலைமைப் பட்டியல் அதன் காவலரால் முத்திரையிடப் பெற்றது. அத்தலைமைப் பட்டியலுள், பொருட்பட்டியல்களின் கைரேகைகள் எழுதப்பட்டுள்ளன. பொருட்பட்டியலுள் ஒவ்வொரு பொதியின் கைரேகையும் எழுதப்பட்டுள்ளது. கைரேகை என்றது, ஒரு கோப்பிலுள்ள அனைத்தையும் கணக்கிட்டுப் பெறும் குறுகிய எண்ணை. கோப்பில் ஓரெழுத்து மாறினும் அவ்வெண் முற்றும் வேறாகும். நம் பொறியில் முன்னரே வைக்கப்பட்டுள்ள திறவுகோலால் ஆப்ட் முதலில் முத்திரையைச் சோதிக்கும். பின்னர்ப் பட்டியலையும், அதன்பின் பொதியையும் கைரேகை ஒப்பிட்டு ஏற்கும். எனவே, முத்திரை பொருந்தவில்லை என ஆப்ட் எச்சரிக்கும்போது, அவசரத்தால் அவ்வெச்சரிக்கையைக் கடந்து செல்லும் வழியைத் தேடுதல் கூடாது. பிற நிரல்களைக் காக்க வருகின்ற காவலனையே அடையாளங் கேளாது வீட்டுக்குள் விடுவது எங்ஙனம் பொருந்தும்?

மலைச்சரிவுகளில் இணையத் தொடர்பு அற்றுப்போகும் இடங்களிலுள்ளார் யாது செய்வது? சிலர் சமவெளி ஊரொன்றில் பொதியை இறக்கிப் பென்டிரைவிற் கொண்டுவந்து, டிபிகேஜி என்னும் அடிநிலைக் கருவியால் நேரே நிறுவுவர். இதில் ஒரு குறையுண்டு. முன்னே கூறிய முத்திரைச் சங்கிலியைச் சோதிப்பது ஆப்ட். டிபிகேஜி சாதாரணமாக அதனைச் சோதிப்பதில்லை. கொடுத்த பொதியை அப்படியே பிரித்து வைத்துவிடும். ஆதலின் அத்தகையோர் ஆப்ட்-ஆஃப்லைன் என்னும் கருவியைக் கையாளுதல் நன்று. தொடர்பில்லாத பொறியில் அஃது ஒரு தேவைப்பட்டியலை எழுதித் தரும். தொடர்புள்ள பொறியில் அப்பட்டியலைக் காட்டி வேண்டியவற்றைப் பெறலாம். மீண்டும் முதற்பொறிக்குக் கொணர்ந்து நிறுவலாம். நிறுவும் நடுவில் மின்சாரம் நின்று வேலை பாதியில் அறுந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. ‘டிபிகேஜி’ என்பதனோடு ‘கான்ஃபிகர்’, ‘ஏ’ என்னும் குறிப்புகளைச் சேர்த்துக் கட்டளையிடின், விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும்.

களஞ்சியத்தில் இல்லாத புதிய பதிப்பு வேண்டுவோர் மூலநிரலை வாங்கித் தாமே கட்டிக்கொள்வதும் உண்டு. வாங்கியவுடன் வெளியீட்டாரின் முத்திரையையும் கைரேகையையும் ஒப்பிடுதல் முதற்கடமை. பின்னர் ‘கான்ஃபிகர்’, ‘மேக்’, ‘மேக் டெஸ்ட்’, ‘மேக் இன்ஸ்டால்’ என்னும் நான்கு படிகளை முறையே நடத்த வேண்டும். மூன்றாவதாகிய சோதனைப் படி நேரம் எடுக்குமென்று பலர் அதனை விட்டுவிடுவர். மறைக்குறிக் கணக்கில் அது தகாது. முதற்படியிலேயே, நிரலகம் எங்கே குடியிருக்க வேண்டுமென ஒரு தனியிடத்தைக் குறித்துக் கொடுத்தல் மிக இன்றியமையாதது. பொறியின் பொது நிரலகங்கள் வாழும் அறையில் இதனையும் புகவிட்டால், பெயரொற்றுமையால் ஏனைய நிரல்கள் பழையதை விட்டுப் புதியதைப் பற்றித் தடுமாறும். தனியிடத்தில் வைத்து, நம் நிரலுக்கு மட்டும் அவ்விடத்தைக் காட்டுவதே அறிவுடைமை. கட்டிய அடைவை அழிக்காமல் வைத்திருப்பதும் நன்று. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

நிறுவியபின், ‘ஓப்பன்எஸ்எஸ்எல் வெர்ஷன்’ எனக் கேட்டால் முனையக் கருவி தன் பதிப்பைச் சொல்லும். ஒரு குறிப்பிட்ட நிரல் எந்த நிரலகத்தைப் பற்றியுள்ளதென அறிய ‘எல்டிடி’ என்னும் கட்டளை உதவும். இவ்விரண்டும் வேறு வேறு விடை தருமாயின், பொறியில் இரண்டு நிரலகங்கள் உள்ளனவென்று கொள்க. குழப்பங்கள் பல இங்கேதான் தோன்றுகின்றன.

இனி நீக்குதல். நிறுவுதலினும் இஃது எளிதென்று தோன்றும்; உண்மையில் இதுவே அபாயம் மிக்கது. நீக்குதற்கு ஆப்ட் இரண்டு சொற்களைத் தருகின்றது. ‘ரிமூவ்’ என்பது நிரலகத்தை எடுத்துவிட்டு, அதன் அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். ‘பர்ஜ்’ என்பது அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து எடுத்துவிடும். முன்னது செடியை வெட்டுவது போன்றது. பின்னது வேரோடு கல்லுவது. மீண்டும் நிறுவும் எண்ணமுள்ளார்க்கு முன்னதே போதும். இவையன்றி ‘ஆட்டோரிமூவ்’ என்பது, ஒன்றற்குத் துணையாக வந்து இப்பொழுது எவராலும் பற்றப்படாமல் நிற்கும் பொதிகளைத் தேடி எடுப்பது.

எந்தச் சொல்லைக் கையாளினும், முதலில் ‘சிமுலேட்’ என்னும் குறிப்பைச் சேர்த்து ஒத்திகை பார்த்தல் வேண்டும். அப்போது ஆப்ட் ஒன்றையும் தொடாமல், இதனை நீக்கினால் இன்னின்னவும் உடன் போகும் எனப் பட்டியல் காட்டும். லிப்எஸ்எஸ்எல்-டெவ் பொதியை நீக்கும்போது அப்பட்டியல் குறுகியதாகவே இருக்கும், அச்சமின்றி நீக்கலாம். பொதுநிரலகமாகிய லிப்எஸ்எஸ்எல் பொதியையே நீக்க முயன்றால், தூரப்பொறிகளோடு பேசும் எஸ்எஸ்எச் முதலாக அந்நிரலகத்தைப் பற்றிய பல நிரல்கள் வரிசையாக அப்பட்டியலில் நிற்கும். இன்னும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வெளிவந்த டெபியன் 13ஆம் பதிப்பில், ஆப்டே ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தைப் பற்றி நிற்கின்றது. அந்நிரலகத்தைப் பறித்தெறிவோர் அதனைத் திரும்பக் கொணரும் பணியாளையும் கூடவே இழப்பர். தான் நிற்கும் கிளையைத் தானே வெட்டியவன் கதையைச் சிறுவயதிற் கேட்டோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கோப்புகளை ‘ஆர்எம்’ என்னும் கட்டளையால் நேரே அழித்தல் அதனினும் தீது. பட்டியலுங் காட்டாது, ஒப்புதலுங் கேளாது.

மூலநிரலிலிருந்து தாமே நிறுவியவர்க்கு ஆப்ட் உதவாது. அதன் ஏட்டில் அந்நிரலகத்தின் பெயரே இராது. கட்டிய அடைவுக்கு மீண்டு சென்று ‘மேக் அன்இன்ஸ்டால்’ எனக் கட்டளையிட வேண்டும். அவ்வடைவை வைத்திருக்கச் சொன்னது இதற்காகவே. தனியிடம் கொடுத்திருந்தாரேல், அவ்விடத்தை மட்டும் அழித்தாலும் காரியம் முடியும். பின்னர் ‘எல்டிகான்ஃபிக்’ என்னும் கட்டளையால் பொறியின் நிரலகக் குறிப்பேட்டைப் புதுப்பித்தல் வேண்டும்.

நீக்கியும் புதுப்பித்தும் முடிந்த பின்னரும் இரண்டு எச்சங்கள் நின்றுவிடுகின்றன. முதலாவது, நினைவகத்தில் நிற்பது. முன்னரே ஓடிக்கொண்டிருந்த நிரல், வட்டில் அழிந்துபோன பழைய நிரலகத்தையே தன் நினைவில் வைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடும். அந்நிரலை நிறுத்தி மீளத் தொடங்கினாலன்றிப் புதியது பயன்படாது. எதனை மீளத் தொடங்க வேண்டுமென அறியாதார் பொறியையே ஒருமுறை நிறுத்தித் தொடங்குதல் நலம்.

இரண்டாவது எச்சம் திறவுகோல்கள். இதன் முக்கியத்தை உலகம் பெருஞ்செலவிற் கற்றது. டெபியன் தொகுதியில் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தைப் பராமரித்தவர், ஒரு சோதனைக் கருவி குறைகூறியதை நீக்கும் நோக்கத்துடன், 2006ஆம் ஆண்டில் மூலநிரலின் சில வரிகளைச் செயலறச் செய்தார். திறவுகோல் ஆக்குதற்கு வேண்டிய தற்செயல் எண்களைக் கலந்து கொடுத்தவை அவ்வரிகளே. அதன் விளைவாக, எண்ணவொண்ணாத அளவில் வேறுபட வேண்டிய திறவுகோல்கள், ஒவ்வொரு வகைக்கும் ஏறக்குறைய 32,768 என்னும் அளவிற் சுருங்கின. திருடன் ஒருவன் அத்தனையையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம். லூசியானோ பெல்லோ என்பவர் இதனைக் கண்டறிய, 2008ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் எச்சரிக்கை வெளியாயிற்று. பழுதான நிரலகத்தை எடுத்துவிட்டுச் செம்மையானதை வைப்பது சில நிமிட வேலை. ஆயினும் இடைப்பட்ட காலத்தில் அந்நிரலகம் வார்த்துக் கொடுத்த திறவுகோல்கள், வேறு பொறிகளுக்கெல்லாம் சென்று பரவியிருந்தன. வார்ப்படத்தை மாற்றியதால் முன்னர் வார்த்த சாவிகள் நல்லவை ஆய்விடுமோ? அவற்றைத் தேடிக் கண்டு விலக்கிப் புதியன செய்ய வேண்டியதாயிற்று.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், ஹார்ட்பிளீட் எனப் பெயரிடப்பட்ட மற்றொரு குறை வெளியாயிற்று. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 வரிசைப் பதிப்புகளில், அயற்பொறி ஒன்று தந்திரமாகக் கேட்டால், நினைவகத்திலுள்ளதை ஒரு முறைக்கு 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்துவிடும் பிழை அது. அங்கும் நிரலகத்தைப் புதுப்பித்தல் பாதி வேலையே ஆயிற்று. நிரல்களை மீளத் தொடங்குதலும், திறவுகோல்களையும் சான்றிதழ்களையும் மாற்றுதலும் மறுபாதி. அக்காலத்தில் இந்நிரலகத்துக்கு ஆண்டுதோறும் வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர் மட்டுமே என்னும் செய்தியும் அப்பொழுதுதான் பரவலாகத் தெரியவந்தது. உலகத்து வங்கிகளும் அரசாங்கங்களும் பற்றி ஏறிய மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினவர் மிகச் சிலரே.

முத்திரை சரியாயிருந்தும் உள்ளே வஞ்சம் புகக்கூடும் என்பதனையும் மறைத்தல் முறையன்று. எக்ஸ்இசட் என்னும் சுருக்குநிரலகத்தின் பராமரிப்பில் சில ஆண்டுகள் உழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவர், அதன் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளவழி ஒன்றை வைத்தார். அவ்வழி எஸ்எஸ்எச் நிரலினுட் புகுந்து, லிப்கிரிப்டோவின் முத்திரைச் சோதனையையே தன்வயமாக்குவது. ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்னும் பொறியாளர், எஸ்எஸ்எச் வழியாக உட்புகுதல் வழக்கத்தினும் அரை நொடி தாமதிப்பதைக் கண்டு, இது ஏன் என்று வினவித் தேடி, 2024ஆம் ஆண்டு மார்ச்சு 29ஆம் நாள் அதனை வெளிப்படுத்தினார். டெபியனின் நிலைத்த பதிப்புக்குள் அது நுழையுமுன்னரே பிடிபட்டது. மூலநிரல் யாவர்க்கும் திறந்திருத்தலின் பயன், அதனைத் திறந்து பார்க்கும் ஒருவர் இருக்கும்போதுதான் கிட்டுகின்றது.

மாணவ நண்பர்காள், இதுகாறும் கூறியவற்றைச் சுருக்கிக் கொள்வோம். முத்திரை சோதிக்கும் வழியாகவே நிறுவுக. இன்ன நாளில் இன்ன பதிப்பை இவ்விடத்தில் வைத்தோம் என ஒரு குறிப்பேட்டில் எழுதுக. நீக்குமுன், இதனைப் பற்றி நிற்பன யாவை என்று ஒத்திகையால் அறிக. நீக்கியபின் அல்லது புதுப்பித்தபின் நிரல்களை மீளத் தொடங்குக. பழுதான நிரலகம் ஆக்கிய திறவுகோல்களை அதனோடு சேர்த்தே விலக்குக. நம் பொறியில் நாம் செய்யும் கவனக்குறைவு நம்மோடு நிற்பதன்று. கல்லூரி அலுவலகத்திலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, வங்கியிலோ நாளை பணிபுரியப் போகும் உங்கள் கையில் பிறருடைய கணக்குகளும் கடிதங்களும் இருக்கும். அவர்கள் நிரலகத்தின் பெயரையும் அறியார். அதனை நிறுவினவர் பெயரையும் அறியார். ஆயினும் அவர்தம் இரகசியம் உங்கள் பொறுமையை நம்பியே இருக்கின்றது. ஆதலின் முனையத்தில் ஒப்புதல் எழுத்தை அழுத்துமுன், அது காட்டும் பட்டியலை ஒருமுறை முழுவதும் படித்துப் பாருங்கள்.